எங்கள் சண்டையைக் குறிப்பெடுத்த கம்பவுண்டர்

நீடாமங்கலத்தில் ஆயிரம் பேரை எனக்குத் தெரியும். அதில் மூன்றே நாளில் என்னைப் பதினேழு தடவை அதிர வைத்த ஒரே ஆள் கம்பவுண்டர்தான். பதினேழு என்பதுகூடக் குறைத்துச் சொன்னது. பத்திரிகையில் இடம் கம்மி.

அவருடைய நிஜப் பெயர் ஆதார் அட்டைக்கும் அவர் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். கால்நடை மருந்தகத்தில் முப்பது வருஷம் மருந்து கலக்கி, ஊசி எடுத்துக் கொடுத்து, திமிறுகிற மாட்டின் கொம்பைப் பிடித்து நின்றவர். கடைசிக் காலத்தில் மருந்தகத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. வந்த மாதமே அது படுத்துவிட்டது. மன்னார்குடியிலிருந்து ஆள் வருவதற்குள் பொறுமையிழந்து இவரே அதைத் திறந்து பார்த்து, தூசியை ஊதி, ஓட வைத்துவிட்டார். மாட்டைவிட இது சாது, உதைக்காது என்று தெரிந்ததும் ஓய்வுக்குப் பிறகு என்ன தொழில் என்பது முடிவாகிவிட்டது.

அவர் வைத்தியம் பார்க்கும் விதமே தனி. விதைநெல் கடை முதலாளி ஒருவர், கம்ப்யூட்டர் தானாக அணைந்து போகிறது என்று கூப்பிட்டார். கம்பவுண்டர் போனார். கம்ப்யூட்டரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எதிரே இருந்த மூட்டையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் முதலாளியையே பார்த்தார். முதலாளிக்கு வியர்த்துக் கொட்டியது.

"மெஷின்ல ஒண்ணுமில்லீங்க. வியாதி உங்க வலது கால்ல இருக்கு."

முதலாளி சர்க்கரைக்காரர். காலை எடுக்கச் சொல்லிவிட்டார்கள் என்றே நினைத்து நாற்காலியோடு சரிந்தார். விஷயம் இவ்வளவுதான்: கடையில் கூட்டம் சேர்ந்தால் அவருக்குத் தொடை ஆட்டும் பழக்கம். ஆடுகிற கால், மேஜைக்கு அடியில் இருந்த பிளக்கை இடித்து இடித்து நெகிழ்த்திக்கொண்டிருந்தது.

இன்னொரு வீட்டில், ஒரு வக்கீல் தம் மைத்துனர் மூலம் வாங்கிய புத்தம் புதுக் கம்ப்யூட்டரைக் காட்டினார். கம்பவுண்டர் அதன் முதுகில் மூக்கை வைத்து ஆழமாக இழுத்தார். "வக்கீல் சார், இது புதுசுனு உங்களுக்கு யார் சொன்னது? இது மளிகைக் கடையில நாலஞ்சு வருஷம் இருந்துட்டு வந்திருக்கு" என்றார். திறந்தால், ஃபேன் இடுக்கில் கைப்பிடி சீரகம். வக்கீல் வீட்டுப் பொங்கலுக்கு அந்த வருஷம் மைத்துனர் வரவில்லை.

இப்படிப்பட்டவரை நான் என் வீட்டுக்குக் கூப்பிட்டேன் என்றால், எவ்வளவு கையாலாகாத நிலையில் இருந்திருப்பேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி ஸ்டெல்லா பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வெளிநாட்டில் வளரும் நம் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாகத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறாள். காலை ஆறரைக்கு அமெரிக்கப் பிள்ளைகள். மாலை ஐந்தரைக்குச் சிங்கப்பூர்ப் பிள்ளைகள். நடுவில் கிடைக்கிற நேரத்தில் அதே கம்ப்யூட்டரில் நான் இதுபோல எதையாவது தட்டிக்கொண்டிருப்பேன்.

ஐப்பசி பிறந்தது; அடைமழை பிடித்தது; கம்ப்யூட்டர் ஹேங் ஆகத் தொடங்கியது. நேரம் காலம் கிடையாது. ஒரு நாள் நாலு தடவை. மறுநாள் ஒன்றுமே இல்லை. அதற்கு மறுநாள் பாடம் ஆரம்பித்த பத்தாவது நிமிஷம். மௌஸ் நகராது, எழுத்து விழாது, திரை அப்படியே உறைந்து நிற்கும். அதிலும் ஸ்டெல்லா 'ழ' சொல்லிக் கொடுக்கும்போதா நிற்க வேண்டும்? நாக்கை மடித்து, வாயைக் கோணி, கண்ணை உருட்டிய கோலத்தில் அவள் முகம் அமெரிக்காவின் பல வீடுகளில் ஐந்து நிமிஷம் அசையாமல் நின்றது. அதைப் படமெடுத்து ஒரு பிள்ளை தன் தாத்தாவுக்கு அனுப்ப, அந்தத் தாத்தா குத்தாலத்தில் இருக்க, அவர் எங்கள் சர்ச்சில் ஒருவருக்கு அனுப்ப, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது நாலு பேர் ஸ்டெல்லாவைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரு அமெரிக்கப் பிள்ளையின் அம்மா போன் செய்தார். "தப்பா நினைக்காதீங்க டீச்சர். இன்னும் ஒரு வாரம் பார்க்கிறோம். அப்புறம் வேற ஏற்பாடு பண்ணிக்கிறோம்." அன்று ஸ்டெல்லா மத்தியானம் சாப்பிடவில்லை. ஓய்வு பெற்ற பிறகு அவளை யாராவது டீச்சர் என்று கூப்பிடும் இடம் அந்தத் திரை ஒன்றுதான்.

ரிப்பேர்காரர்கள் வராமல் இல்லை. முதல் ஆள், மெமரி போச்சு என்று மெமரியை மாற்றினார். இரண்டாம் ஆள், மெமரியை மாற்றியதுதான் தப்பு என்று பழையதையே தேடச் சொன்னார். மூன்றாம் ஆள் உள்ளே இருந்த சாஃப்ட்வேர் அத்தனையையும் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றினார். அதில் என்னுடைய மூன்று கட்டுரைகள் பரலோகம் போயின. நாலாம் ஆள் பார்த்துவிட்டு, "இது ஏதோ வைரஸ் சார்" என்று கையை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு கிளம்பினார்.

ஐந்தாவதாகக் கம்பவுண்டர் வந்தார். ஒரு நாள் அதிகாலை, தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு, சைக்கிள் கேரியரில் ஒரு தோல் பையோடு. காபியை வாங்கிக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போனார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பின்கட்டு, கிணற்றடி, படுக்கையறை எல்லாம் ஒரு சுற்று. வந்து ஸ்டெல்லாவின் முன் உட்கார்ந்தார்.

"டீச்சர், உடம்பு எப்படி இருக்கு?"

"எனக்கா? கம்ப்யூட்டருக்குத்தானேண்ணே?"

"அதுக்கு வாய் இல்ல. உங்களுக்கு இருக்கு. சொல்லுங்க. பசி, தூக்கம்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஸ்டெல்லாவோ, கேட்க ஒரு ஆள் கிடைத்த ஆனந்தத்தில் சளியிலிருந்து மூட்டு வலிவரை சொல்லிக்கொண்டே போனாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, நாற்காலியைக் கூடத்து மூலையில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மூணு நாள் வருவேன். நான் இங்க இல்லைனு நினைச்சுக்கங்க. எப்பவும் என்ன பண்ணுவீங்களோ அதைப் பண்ணுங்க."

தோல் பையிலிருந்து ஒரு நோட்டு வந்தது. அன்று முழுக்க அவர் கம்ப்யூட்டரின் பக்கமே போகவில்லை. எங்களையே பார்த்தார். எழுதினார். நான் தும்மினேன், எழுதினார். ஸ்டெல்லா குக்கரை இறக்கினாள், எழுதினார். ஒருவர் நம்மையே பார்த்துக் குறிப்பெடுக்கும்போது தயிர்சாதம் சாப்பிட்டிருக்கிறீர்களா? தொண்டையில் இறங்காது. அன்றைக்குக் கம்ப்யூட்டர் மூன்று தடவை ஹேங் ஆனது. ஒவ்வொரு தடவையும் ஸ்டெல்லா "ஐயோ" என்றாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

சாயங்காலம் அவர் கொல்லைப்பக்கம் போயிருந்த நேரத்தில் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

'7.58 டீச்சர் சாரைத் திட்டினார். 8.01 நின்றது. 11.20 டீச்சர் சாரைத் திட்டினார், குரல் அதிகம். 11.24 நின்றது. 4.10 டீச்சர் சாரைத் திட்டினார், சார் பதில் சொல்லவில்லை. 4.12 நின்றது.'

அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, 'சண்டை?' என்று எழுதி வட்டம் போட்டிருந்தார்.

எனக்கு மானமே போய்விட்டது. கணவன் மனைவி சண்டை போட்டால் குழந்தைகள் பாதிக்கப்படும் என்று பாதிரியார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கம்ப்யூட்டர் பாதிக்கப்படும் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. ஸ்டெல்லாவிடம் காட்டினேன். அவள் முகம் சிவந்துவிட்டது. "நான் அவ்வளவா திட்டறேன்?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அதையும் எழுதுவாரோ என்று பயம்.

அந்த வெட்கத்தில் மறுநாள் நாங்கள் புதுமணத் தம்பதி மாதிரி நடந்துகொண்டோம். அவர் வருவதற்குள் குளித்து முடித்து, எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்து, "சொல்லும்மா", "சரிங்க" என்று ஒரே மரியாதை. அன்று கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

மத்தியானம் கம்பவுண்டர் நோட்டை மூடினார்.

"சண்டை போடுங்க."

"என்னது?"

"நேத்து போட்ட மாதிரி போடுங்க சார். நின்னாத்தானே பார்க்க முடியும்?"

ஒருவர் எதிரில் உட்கார்ந்து 'ம், ஆரம்பிங்க' என்றால் என்ன சண்டை வரும்? ஸ்டெல்லா சங்கடத்தோடு, "உங்களுக்குப் பொறுப்பே கிடையாது" என்று பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். நான், "உனக்கு மட்டும் இருக்கோ" என்றேன். கம்பவுண்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

"இது நடிப்பு. மனசுல இருந்து வரணும்."

மனசில் இருந்து வந்தது. என் தங்கை கல்யாணத்தில் ஸ்டெல்லாவின் அப்பாவைப் பந்தியில் இரண்டாவது வரிசையில் உட்கார வைத்த விவகாரம், முப்பது வருஷம் அமுங்கிக் கிடந்தது, பாய்ந்துகொண்டு வந்தது. அரை மணி நேரம் வீடு அதிர்ந்தது. பக்கத்து வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து நின்று கேட்டார்கள். இறுதியில் ஸ்டெல்லா அழ, நான் மூச்சு வாங்க, கம்ப்யூட்டர் மட்டும் குளிர்ந்த முகத்தோடு ஓடியது.

"அப்ப சண்டை இல்ல" என்று நோட்டில் அந்த வட்டத்தை அடித்துவிட்டு, கம்பவுண்டர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நாங்கள் ராத்திரி வரை பேசிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் வந்ததும் உட்காரக்கூட இல்லை.

"டீச்சர், ஒண்ணு கேட்க மறந்துட்டேன். முந்தாநாள் சாரைத் திட்டுனீங்களே, எதுக்குத் திட்டுனீங்க?"

"எதுக்குண்ணே? எப்பவும் அதேதான். குளிச்சுட்டு வெளிய வந்தா ஹீட்டர் சுவிட்சை அணைக்க மாட்டாங்க. அது பாட்டுக்கு நாள் பூரா எரிஞ்சுக்கிட்டே இருக்கும். சிவப்பு லைட்டைப் பார்க்கிறப்பல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வரும்."

"மூணு தடவையும் அதுக்குத்தானா?"

"மூணு தடவையும்."

"நேத்து?"

"நேத்துதான் அணைச்சுட்டாங்களே, நீங்க எழுதுவீங்கன்னு."

கம்பவுண்டர் குளியலறை வாசலுக்குப் போய் ஹீட்டர் சுவிட்சைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டர் முன்னால் வந்து நின்று மௌஸை அப்படியும் இப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தார். இரண்டு நிமிஷம் இருக்கும். திரையில் அம்பு நின்றது. எழுத்துத் தட்டினார், விழவில்லை.

"ஆகா, பிடிச்சுட்டீங்களே!" என்று நான் கை தட்டினேன். அவர் முகத்தில் கொஞ்சங்கூடச் சந்தோஷம் இல்லை. பையிலிருந்து டெஸ்டரை எடுத்து சிபியூ பெட்டியின் தகரத்தில் வைத்தார். டெஸ்டரின் விளக்கு எரிந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு குளியலறைக்குள் போய், தண்ணீர்க் குழாயில் வைத்தார்.

அதிலும் எரிந்தது.

"யாரும் எதையும் தொடாதீங்க!"

மூன்று நாளாக முணுமுணுப்பாகப் பேசிய மனிதரிடம் அப்படியொரு குரல் இருக்கும் என்று நான் நினைக்கவேயில்லை. ஸ்டெல்லா கையில் வைத்திருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டாள். அவர் ஓடிப்போய் மெயினை அணைத்தார். வீடு இருண்டது. ஃபேன் நின்றது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"குளிக்கிறப்ப சுருக்குனு எதாவது தெரிஞ்சுதா?"

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். "குழாயைத் திறந்தா விரல் நுனியெல்லாம் சுர்ருனு இழுக்கும்ணே. நரம்புத் தளர்ச்சினு நினைச்சு தஞ்சாவூர்ல டாக்டரைப் பார்த்தேன். மூணு வாரமா மாத்திரை சாப்பிடறேன்."

"சாருக்கு?"

எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. புதிதாக வாங்கிய மூலிகை சோப்பின் மகிமை என்று நினைத்தேன். உடம்பெல்லாம் விறுவிறுவென்று சுறுசுறுப்பாக இருக்கிறது என்று நாலு பேருக்கு அந்த சோப்பைச் சிபாரிசுகூடச் செய்திருந்தேன்.

அவர் அவசரமில்லாமல் விளக்கினார். ஹீட்டருக்குள் தண்ணீரைச் சுட வைக்கிற கம்பிச் சுருள், அதாவது காயில், அரித்துப்போய் கரண்ட் கசிகிறது. கசிகிற கரண்ட் எர்த் கம்பி வழியாக மண்ணுக்குள் போய்விட வேண்டும். போக வழியில்லை. அதனால் சுவருக்குள் இருக்கும் எர்த் கம்பியிலேயே ஏறி, வீட்டிலிருக்கும் பிளக் ஒவ்வொன்றிலும் வந்து நிற்கிறது. கம்ப்யூட்டர் பெட்டியில் ஏறி, இன்டர்நெட் கேபிள் வழியாகத் தப்பிக்கப் பார்க்கிறது. அந்த அதிர்ச்சியில் கம்ப்யூட்டர் மயங்கிவிடுகிறது. ஹீட்டர் சூடானதும் தானாக அணையும், ஆறினதும் தானாக எரியும். அதனால்தான் நேரம் காலம் இல்லை.

"இன்னிக்கு சுருக்குங்குது. காயில் முழுசா விட்டுச்சுனா, குளிக்கப் போனவங்க கதவைத் திறந்து வெளிய வர மாட்டாங்க சார்."

சொல்லிவிட்டு மழையில் இறங்கி வீட்டைச் சுற்றி வந்தார். நான் பின்னாலேயே போனேன். பின்சுவரின் அடியில் குனிந்தவர், சுவரிலிருந்து அரை அடி நீட்டிக்கொண்டிருந்த கம்பியின் நுனியைத் தொட்டுப் பார்த்தார்.

"இந்த எர்த் கம்பியை அறுத்தது யாரு?"

புரட்டாசியில் புடலங்கொடிக்குப் பந்தல் போட்டேன். கட்டுவதற்குக் கம்பி பற்றவில்லை. பின்சுவரில் ஒரு கம்பி சும்மா மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. கட்டிட வேலை செய்தவர்கள் விட்டுப்போன மிச்சம் என்று நினைத்து, சுவரோரமாக ஒரு வெட்டு, மண்ணோரமாக ஒரு வெட்டு. அந்தக் கம்பியில்தான், எங்கள் தலைக்கு நேர் மேலே, இரண்டு புடலங்காய் நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

"நான்தான்" என்றேன்.

வாசற்படியில் நின்று ஸ்டெல்லா கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாள் முதல், திட்டுவதற்கு முழு நியாயம் இருந்தும் அவள் என்னைத் திட்டாமல் விட்டது அந்த ஒரு தடவைதான். படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். திரும்பிப் பார்த்தால், கம்பவுண்டர் கிணற்றுச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்ணுது? தண்ணி வேணுமா?"

அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு சார். திருவாரூர்ப் பக்கம் ஒரு வீட்டுல, பசு மூணு நாளா தண்ணி குடிக்கலைன்னாங்க. டாக்டர் லீவு. நான் போனேன். வாயைத் திறந்து பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன், வயித்தைத் தட்டிப் பார்த்தேன். செரிமானத்துக்குப் பொடி கொடுத்துட்டு வந்துட்டேன். மறுநாள் போனா, பசு தண்ணித் தொட்டி மேலயே விழுந்து கிடக்குது. இரும்புத் தொட்டி. மோட்டார் ஒயர் உரசிக்கிட்டு இருந்திருக்கு. அந்த வீட்டம்மா பசுவைப் பிடிச்சு இழுக்கப் போயி, கையெல்லாம் வெந்து போச்சு. உயிர் பிழைச்சது பெரிசு. அந்த மாடு மூணு நாளா தொட்டிகிட்ட போகாம சொல்லிக்கிட்டே இருந்திருக்கு சார். நான் மாட்டைத்தான் பார்த்தேன். தொட்டியைப் பார்க்கல."

விதைநெல் கடைக்காரரை ஒரு மணி நேரம் முறைத்துப் பார்த்ததும், எங்கள் தும்மலை எழுதியதும் எதனால் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஊரே கிறுக்கு என்று சொல்லிச் சிரித்தது. நானும் சிரித்தவன்தான்.

எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டால், அவர் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு கூட்ஸ் வண்டி போனதும் இன்னொரு வண்டி. அதுவரை கம்பவுண்டர் எங்களை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. நாங்கள் போர்டிகோவில் குடையோடு நின்றோம். அவர் குளியலறைக் கதவுக்குக் குறுக்கே நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தார். எங்களை நம்பவில்லை என்று தெரிந்தது. கம்பி அறுத்தவனை எப்படி நம்புவது?

எலக்ட்ரீஷியன் வந்து ஹீட்டரைக் கழற்றி வெளியே வைத்தார். குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, புது எர்த் இறக்கினார். கசிவு வந்தால் கரண்டைத் தானாக வெட்டிவிடும் டிரிப்பர் ஒன்றைக் கம்பவுண்டர் வம்படியாக மாட்ட வைத்தார். வேலை முடிவதற்குள் ஐந்தரை ஆகிவிட்டது. சிங்கப்பூர்ப் பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்று ஸ்டெல்லா போர்டிகோவிலேயே ஸ்டூலைப் போட்டு, போனில் பாடத்தை ஆரம்பித்துவிட்டாள். சாரல் அடித்தது. கம்பவுண்டர் எழுந்து வந்து, அவள் தலைக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார்.

"டீச்சர், அது யாரு பின்னாடி?" என்று ஒரு பெண் குழந்தை கேட்டது.

ஸ்டெல்லா திரும்பிப் பார்த்தாள்.

"எங்க வீட்டு ஆளும்மா" என்றாள். "சரி, ழ சொல்லுங்க பார்ப்போம்."

குடைக்குப் பின்னாலிருந்து கம்பவுண்டரும் 'ழ' சொன்னார். சரியாக வரவில்லை. ஸ்டெல்லா அவரையும் திருத்தினாள்.

அதன்பிறகு கம்ப்யூட்டர் ஹேங் ஆகவில்லை. அமெரிக்க அம்மா வேறு ஏற்பாடு எதுவும் செய்யவில்லை. தஞ்சாவூர் மாத்திரை நின்றது. ஸ்டெல்லாவின் நரம்புகள் பரிபூரண ஆரோக்கியத்தோடு இருக்கின்றன, என்னைத் திட்டுவதை வைத்துச் சொல்கிறேன். எனக்கு மட்டும் அந்த மூலிகை சோப்பில் இப்போது பழைய சுறுசுறுப்பு இல்லை.

கம்பவுண்டர் மட்டும் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். வருஷா வருஷம் ஐப்பசி மழை பிடித்த முதல் வாரத்தில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு, "இந்தப் பக்கமா வந்தேன்" என்று வந்து நிற்பார். எங்கள் வீட்டுக்கு அப்பால் வயல்தான். அந்தப் பக்கமாக வருவதற்கு யாருக்கும் ஒரு வேலையும் கிடையாது. காபியை வாங்கிக்கொண்டு கூடத்தில் உட்காருவார். முதலில் ஸ்டெல்லா குளித்துவிட்டு வருவாள். அப்புறம் நான். இரண்டு பேரும் தலையைத் துவட்டிக்கொண்டு எதிரில் வந்து நின்றதும், "சரி, வரேங்க" என்று எழுந்து போய்விடுவார்.

இந்த வருஷம் மழை பிடித்து நாலு நாள் ஆகிறது. இன்று காலை மணி ஆறேகால். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். அவர் வந்தபிறகு குளிக்கலாம்.